பழைய லேப்டாப் பேட்டரி, பைக் டூம், எரியாத எல்இடி பல்பு: இவற்றை வைத்து வீட்டிலேயே பவரான டார்ச் லைட் செய்ய முடியுமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான். வீட்டில் செத்துப்போன லேப்டாப் பேட்டரி ஒன்று, எரியாத எல்இடி பல்பு நாலைந்து, பழைய பைக்கின் ஹெட்லைட் டூம், தாத்தா காலத்து மூன்று கட்டை பித்தளை டார்ச் எல்லாம் கிடக்கின்றன. இவற்றை வைத்து ஒரு கிலோமீட்டர் அடிக்கிற லைட் செய்ய முடியுமா, பேட்டரி வெடித்துவிடுமா என்று கேட்கிறீர்கள். அப்புறம் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: மும்முனை கரண்ட் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் வருகிறது, மோட்டார் போட அப்பா வரப்பு மேல் நடந்து போகிறார், போன மாதம் ஓர் அடி முன்னால் கட்டுவிரியன் கிடந்தது. என்னைப் பொறுத்தவரை கேள்வியே அந்தக் கடைசி வரிதான். ஒரு கிலோமீட்டர் லைட்டுக்குத் தனியாகப் பதில் இருக்கிறது. அப்பாவின் காலுக்கு முன்னால் இருக்க வேண்டிய வெளிச்சம் வேறு.

நான் மன்னார்குடியில் இருபத்து மூன்று வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஐடிஐ படிப்பு. ரேடியோவில் தொடங்கி டிவிக்கு வந்து, இப்போது பாதி வேலை மருந்து அடிக்கிற பேட்டரி ஸ்ப்ரேயரும் எமர்ஜென்சி லைட்டும்தான். டார்ச் மட்டும் நூற்றுக்கணக்கில் பிரித்துப் போட்டிருப்பேன். உங்களிடம் இருக்கிற சாமான்களில் எது உதவும், எது உதவாது என்று என் கைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தூரம். டார்ச் அட்டைப்பெட்டியில் 'இத்தனை மீட்டர்' என்று போடுகிறார்களே, முறையாக அளந்து போடுகிற கம்பெனிகளுக்கு அதில் ஒரு கணக்கு உண்டு. வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகக் குறைகிற இடம்வரை உள்ள தூரம்தான் அது. 0.25 லக்ஸ் என்றால் ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். அதாவது 200 மீட்டர் என்று போட்டிருந்தால் 200 மீட்டரில் நிலா வெளிச்சம் அளவுக்குத்தான் விழும். அங்கே ஓர் ஆள் நிற்கிறாரா என்று தெரியும், யார் என்று தெரியாது. அந்த 200 மீட்டருக்கு 10,000 கேண்டெலா வேண்டும் (ஒரே திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதன் அளவுதான் கேண்டெலா). தூரத்தை இரண்டு மடங்காக்க நான்கு மடங்கு செறிவு வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 2,50,000 கேண்டெலா. இது கையில் கிடைத்ததை ஒட்டி வருகிற அளவு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வீடியோக்களில் ஐம்பது, நூறு எல்இடியை ஒரு தகட்டில் ஒட்டி, 'ஊரே பகலாகிவிட்டது' என்று காட்டுகிறார்கள். பொய் இல்லை, ஆனால் அது பக்கத்தில் கிடைக்கிற வெளிச்சம். தூரம் அடிப்பது எல்இடியின் எண்ணிக்கையால் வருவதில்லை. ஒளி பிறக்கிற புள்ளி எவ்வளவு சின்னது, எவ்வளவு பிரகாசம், அதற்குப் பின்னால் உள்ள கண்ணாடிக் கிண்ணம் எவ்வளவு அகலம் என்பதில்தான் இருக்கிறது. தாத்தாவின் டார்ச்சில் இருந்த குண்டு பல்பு ஒரு வாட் சொச்சம்தான். விடுகிற மொத்த ஒளியை லூமனில் அளப்பார்கள், அதில் மொத்தமே பத்துப் பதினைந்து லூமன். ஆனாலும் தென்னை உச்சி வரைக்கும் கோடு மாதிரி அடித்தது, ஏனென்றால் அதன் இழை கடுகு அளவு, கிண்ணத்தின் குவியத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. நூறு எல்இடியைப் பரப்பி வைத்தால் அது பந்தல் லைட்.

சரி, வரப்பில் நடப்பவருக்கு என்ன வேண்டும்? நான்கு அடி முதல் பதினைந்து அடி வரை தரையில் ஒரே சீராகப் பரவுகிற வெளிச்சம். அவ்வப்போது நிமிர்த்திப் பார்த்தால் மோட்டார் கொட்டகையோ மடையோ தெரிய ஐம்பது அறுபது மீட்டர் போதும். கோடு மாதிரி அடிக்கிற லைட்டை வரப்பில் பிடித்து நடந்தால் என்ன ஆகும் தெரியுமா? நடுவில் ஒரு தட்டு அளவுக்குக் கண் கூசுகிற வெள்ளை வட்டம், அதைச் சுற்றிக் கும்மிருட்டு. கண் அந்த வட்டத்துக்குப் பழகிவிடும், பக்கத்தில் புல்லுக்குள் கிடப்பது தெரியாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு, பளபளப்பான கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையம், ஈரமான வரப்பில் நிழலோடு நிழலாகக் கிடக்கும். வெளிச்சத்தைப் பார்த்து அது விலகிப் போகும் என்று நம்ப வேண்டாம். டார்ச் பாம்பை விரட்டாது, நாம் பார்க்க மட்டும் உதவும். அப்பாவுக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் ஒன்று இந்த டார்ச்சுக்கு முன்னால் வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் சாமான்கள். எரியாத எல்இடி பல்புகளை முதலில் தள்ளி வையுங்கள். ஒன்பது வாட் பல்பின் உள்ளே இருக்கிற தகட்டில் பத்துப் பன்னிரண்டு சின்ன எல்இடிகள் தொடராகக் கோத்திருக்கும். அவற்றில் பல பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு மூன்று சில்லுகள் தொடராக இருக்கும். ஒன்று எரிய 6 வோல்ட், 9 வோல்ட், சிலதில் 18 வோல்ட்கூட வேண்டும். லேப்டாப் செல் ஒன்று தருவது 3.7. அதனால் அந்தத் தகட்டை அப்படியே செல்லில் கொடுத்தால் மினுக்கென்றுகூட எரியாது. இதைவிட முக்கியம், மேல் மூடியைக் கழற்றிவிட்டு பல்பை ஹோல்டரில் போட்டு எந்த எல்இடி செத்தது என்று பார்க்கிற பழக்கம் பையன்களிடம் இருக்கிறது. இப்போது வருகிற பல பல்புகளில் டிரைவரும், அதாவது எல்இடிக்குக் கரண்டை அளந்து விடுகிற சுற்றும், அதே தகட்டில்தான் இருக்கிறது, நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அந்தத் தகட்டின் ஈயப் புள்ளிகளில் வீட்டு மின்சாரம் அப்படியே நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டால் உயிருக்கு ஆபத்து. கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் சார்ஜ் இருக்கும்.

எல்இடிக்குப் பழைய சாமான் வேண்டுமென்றால் டிவி ரிப்பேர் கடையில் கேளுங்கள். எல்இடி டிவியின் பேக்லைட் பட்டைகளை மாற்றும்போது பழையதைக் குப்பையில்தான் போடுகிறோம். ஒரு பட்டையில் ஒன்று செத்தாலும் மொத்த செட்டையும் மாற்றிவிடுவோம், மீதி நன்றாகவே இருக்கும். அவை அலுமினியப் பட்டையில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றும் ஒரு வாட் சுமாருக்கு. 3 வோல்ட் வகை, 6 வோல்ட் வகை இரண்டும் வரும், மூன்று வோல்ட் வகையைப் பொறுக்க வேண்டும். மல்டிமீட்டரின் டயோடு முனையை வைத்தால் 3 வோல்ட் வகை பெரும்பாலும் லேசாக மினுக்கும், 6 வோல்ட் வகை மினுக்காது. எரியும்போது நீலம் பாய்ந்த மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள், மேலே உள்ள பாஸ்பரப் பூச்சு சூட்டில் போய்விட்டது என்று அர்த்தம். அதன் மேல் ஒட்டியிருக்கிற குமிழ் லென்ஸ் ஒளியைப் பக்கவாட்டில் விரிக்கச் செய்தது, அதை நெம்பி எடுத்துவிட வேண்டும். இத்தனை வேலை பார்த்தும் உங்களுக்குக் கிடைப்பது சுமாரான எல்இடிதான். என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இந்த ஒரு பொருளைப் புதிதாக வாங்கிவிடுங்கள். நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் வருகிற பத்து வாட் வகை ஒற்றை எல்இடி. அதைப் பத்து வாட்டுக்கு ஓட்டாமல் 1 ஆம்பியரில், மூன்று வாட் சொச்சத்தில் ஓட்டுங்கள். நல்ல எல்இடி அந்த அளவிலேயே 300 லூமன் பக்கம் தரும். தாத்தாவின் குண்டு பல்பைப்போல இருபது மடங்கு. சூடும் அடங்கி இருக்கும், ஆயுளும் நிற்கும்.

பைக் டூமைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கிண்ணம் ஹாலஜன் இழைக்கு வடித்தது. இழை எல்லாப் பக்கமும் ஒளி விடும், கிண்ணம் அதை வாரி முன்னால் அனுப்பும். எல்இடி முன்பக்கம் மட்டும் 120 பாகைக்கு விடும். டூமின் நடுவில் எல்இடியை முன்னால் பார்க்க வைத்தால் பெரும்பகுதி ஒளி கிண்ணத்தைத் தொடாமலே வெளியே போய்விடும். தாத்தாவின் டார்ச் கிண்ணம் இந்த வேலைக்கு அதைவிட ஏற்றது. நடு ஓட்டையை எல்இடி நுழைகிற அளவுக்கு அரத்தால் பெரிதாக்கி, எல்இடியை முன்னும் பின்னும் நகர்த்திச் சுவரில் அடித்துப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே வட்டம் மாறுவது தெரியும். அப்பாவுக்குச் சரியான இடம் குவியத்திலிருந்து ஒரு முடி தள்ளி. நடுவில் லேசான பிரகாசம் இருந்து ஓரம் வரைக்கும் பரவ வேண்டும். அப்படியும் வட்டம் கடினமாக இருந்தால் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய பால் நிற பாலித்தீன் துண்டு ஒன்றை வெட்டி வையுங்கள், நான் பலருக்கு அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன்.

இனி லேப்டாப் பேட்டரி. இங்கேதான் நிதானம் வேண்டும். ஆறு செல் பேட்டரி என்றால் உள்ளே 18650 என்ற உருளை செல்கள் ஆறு இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடியைத் தொடராக இணைத்திருப்பார்கள். பேட்டரி செத்தது என்று லேப்டாப் சொன்னால் பெரும்பாலும் மூன்றில் ஒரு ஜோடிதான் செத்திருக்கும், மற்ற நான்கு செல் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிளாஸ்டிக் கூட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திறக்காதீர்கள், முனை செல்லுக்குள் இறங்கினால் அங்கேயே தீ. இணைப்புக் கோடு வழியாக மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும்.

ஒரு விஷயத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். செல்லின் பாசிட்டிவ் முனை மேலே ஒரு பொத்தான் மாதிரி இருக்கும். அதைச் சுற்றியுள்ள விளிம்பு, பக்கங்கள், அடிப்பாகம் எல்லாமே நெகட்டிவ். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வட்டத்துக்குள் பாசிட்டிவும் நெகட்டிவும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நடுவில் இருப்பது ஒரு காகித வளையமும் மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறையும் மட்டும்தான். பல வருடத்துக்கு முன்னால் நான் ஒரு பேட்டரியைப் பிரித்து நிக்கல் பட்டையைக் கட்டிங் பிளையரால் வெட்டிக்கொண்டிருந்தேன். உறை அந்த விளிம்பில் கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. வெட்டிய பட்டை மடங்கி விளிம்பில் பட்டது. கண் இமைக்கும் நேரத்தில் பட்டை செவசெவ என்று பழுத்தது, உறை சுருங்கியது, நெயில் பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பான நெடி வந்தது. குறடால் தட்டித் தெருவில் தள்ளினேன், புகைந்துவிட்டு அடங்கியது. மேசை மேல் போட்டிருந்த ரெக்சினில் அந்தப் பட்டையின் அச்சு இன்றைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பட்டையை வெட்டினால் அந்த முனையில் டேப் ஒட்டாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. பக்கத்தில் ஒரு வாளி மணல், கண்ணுக்குக் கண்ணாடி. வேலை திண்ணையிலோ முற்றத்திலோதான், உள் அறையில் வேண்டாம்.

பிரித்ததும் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் அளந்து அதன் மேலேயே எழுதுங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். 2 வோல்ட்டுக்குக் கீழே போனதைச் சார்ஜ் ஏற்றி உயிர்ப்பிக்க முயலவே கூடாது. அவ்வளவு கீழே போய் நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கிற செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளேயே ஷார்ட் பாலம் போட்டுவிடும். இது உறுதியாகத் தெரிந்த விஷயம், 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று வீடியோவில் சொல்பவரை நம்ப வேண்டாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்பதுதான் சந்தேகக் கேஸ். சிலது நன்றாக வேலை செய்யும், சிலது செய்யாது. அப்பா கையில் கொடுக்கிற லைட்டுக்கு நான் சந்தேகக் கேஸைச் சேர்க்க மாட்டேன். துரு, வீக்கம், நசுங்கல் இருந்தால் வோல்ட் பார்க்கவே வேண்டாம், அப்படியே ஒதுக்குங்கள்.

தேறியதை 4.2 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றும்போது கையில் சூடு தெரிந்தால் அந்த செல் வேண்டாம். ஏற்றிய பிறகு இரண்டு வாரம் சும்மா ஓர் ஓட்டுச் சில்லின் மேல் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து 4.1க்குக் குறையாமல் நின்றால் நல்ல செல். 4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே கசிகிறது. பொறுமை இல்லாமல் இந்த இரண்டு வாரத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் கொள்ளளவு. 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைப் போட்டு 3 வோல்ட் வரை இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஏறக்குறைய முக்கால் ஆம்பியர் போகும். இரண்டு மணி நேரம் தாங்கினால் 1,500 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது, பழைய செல்லுக்கு அது நல்ல மதிப்பெண். ரெசிஸ்டர் கொதிக்கும், ஓட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள். இதிலெல்லாம் தேறவில்லை என்றால் புது செல் வாங்குங்கள். ஆனால் சந்தையில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்து விற்பதை வாங்காதீர்கள். இந்த அளவு செல்லில் பொதுவாகக் கிடைக்கிற நல்லதே 3,500 பக்கம்தான். தராசில் வைத்தால் அசல் 45 கிராம் சுமாருக்கு இருக்கும், போலி கையில் எடுத்தாலே லேசாகத் தெரியும்.

இணைப்பு இப்படி இருக்கட்டும். இரண்டு செல்லை இணையாகப் போடுங்கள், தொடராக வேண்டாம். பழைய செல்களைத் தொடராகப் போட்டால் பலவீனமானது முதலில் காலியாகி, மற்றது அதைத் தலைகீழாக ஓட்டிவிடும். இணையாகச் சேர்க்கும் முன் இரண்டும் ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சேர்த்த நொடியில் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பாயும். சார்ஜுக்கு டிபி4056 என்ற சின்ன போர்டு, பாதுகாப்புச் சுற்றோடு வருகிற ஆறு முனை வகை. செல்போன் சார்ஜரிலேயே ஏற்றலாம், 4.2இல் தானாக நிறுத்தும், 2.5 வோல்ட் பக்கம் இறங்கினால் வெளியே போகிற கரண்டைத் துண்டிக்கும். இரண்டு செல் முழுதாக ஏற மூன்று நான்கு மணி நேரம். ஏறும்போது லைட்டைப் போடக் கூடாது, போட்டால் எப்போது நிறுத்துவது என்று அந்தப் போர்டுக்குக் குழம்பிவிடும். செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைக்க வேண்டாம், சூடு உள்ளே இறங்கும். பழைய நிக்கல் பட்டையின் வால் மிச்சம் இருந்தால் அதன் நுனியில் வையுங்கள், அல்லது ஸ்பிரிங் வைத்த ஹோல்டர் வாங்குங்கள்.

எல்இடியை நேராக செல்லில் கொடுக்காதீர்கள், சூடு ஏற ஏற அது இன்னும் அதிகம் இழுக்கும். கடையில் விற்கிற, வோல்ட்டைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்ட் டிரைவர்கள் கடைசித் துளி வரை ஒரே பிரகாசத்தில் ஓட்டும் என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது வரப்பில் பிடிக்காது. ஒரே பிரகாசத்தில் ஓடி, பாதுகாப்புச் சுற்று துண்டிக்கிற நொடியில் பட்டென்று அணைந்துவிடும். நடு வயலில் முன்னறிவிப்பு இல்லாத இருட்டு. பழைய கட்டை டார்ச்சில் வெளிச்சம் மஞ்சளாகிச் சொல்லிவிட்டுப் போகுமே, அந்தக் குணம் வேண்டும். அதற்கு 1 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று தொடராகப் போதும். முழுச் சார்ஜில் ஏறக்குறைய 1 ஆம்பியர் போகும், செல் 3.6க்கு இறங்கும்போது அரை ஆம்பியர் சொச்சம், பிறகு மெல்ல மெல்ல மங்கும். மங்குவது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் வீடு வந்து சேர நேரம் இருக்கும். இரண்டு பழைய செல்லில் சேர்ந்து 3,000 மில்லி ஆம்பியர் மணி இருந்தால் நான்கு மணி நேரம் ஓடும். இன்னும் நேர்த்தியாக வேண்டுமென்றால் ஏஎம்சி7135 என்ற சில்லு இருக்கிறது, ஒன்றுக்கு 350 மில்லி ஆம்பியர் சீராக விடும். மூன்றை இணையாகப் போட்டால் முழு வெளிச்சம், ஒன்றை மட்டும் தனி ஸ்விட்சில் கொண்டுவந்தால் மெல்லிய வெளிச்சம். இதுவும் கடைசியில் மங்கித்தான் அணையும். முதல் முறை செய்கிறவருக்கு ரெசிஸ்டர் போதும்.

சூடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்இடிக்குப் போகிற மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. பழைய கம்ப்யூட்டரில் விசிறிக்கு அடியில் இருக்கிற, சூட்டை வாங்குகிற அலுமினியத் தகட்டில் ஒரு துண்டு அறுத்து, அதற்கும் எல்இடிக்கும் நடுவில் வெள்ளைத் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாகத் தடவி, இரண்டு திருகால் இறுக்குங்கள். கண்ட பசையை வைத்து ஒட்டினால் அதுவே போர்வை மாதிரி சூட்டைத் தடுத்துவிடும். பத்து நிமிடம் எரியவிட்டுத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், பத்து எண்ணும் வரை விரலை வைத்திருக்க முடிந்தால் சரி. அந்தத் தகடு பித்தளை உடம்போடு தொட்டிருந்தால் இன்னும் நல்லது. செல் அதிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

தாத்தாவின் டார்ச் ஸ்விட்சைக் கவனியுங்கள். தள்ளுகிற பொத்தானுக்கு அடியில் ஒரு பித்தளை நாக்கு இருக்கும், அதில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பழைய பல்புக்கு அது பெரிய குறை இல்லை, 1 ஆம்பியர் போகும்போது அந்தக் களிம்பிலேயே வோல்ட் தங்கிவிடும். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு, உடம்பு வழியாகக் கரண்ட் போகிற பழைய ஏற்பாட்டை நம்பாமல் தனி ஒயர் இழுத்துவிடுங்கள். டார்ச் குழாயின் உள்பக்கம் முழுதும் கெட்டி அட்டையோ பிளாஸ்டிக் தாளோ சுற்ற வேண்டும். அந்த மூன்று கட்டைக் குழாய் 34 மில்லிமீட்டர் கட்டைக்கு வடித்தது, 18650 இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தால் 36 மில்லிமீட்டருக்கு மேல் வரும், நுழையாது. ஒன்றன் பின் ஒன்றாக வைத்து ஒயரால் இணையாகச் சேர்க்க வேண்டும். நீளம் தாராளமாக இருக்கிறது, மிச்ச இடத்தில் சார்ஜ் போர்டும் உட்காரும்.

ஒருவேளை லேப்டாப் செல் எதுவும் தேறவில்லை, புதிதும் வாங்க வேண்டாம் என்றால் ஊரில் எங்கும் கிடைக்கிற பழைய சாமான் ஒன்று இருக்கிறது: ஸ்ப்ரேயர் பேட்டரி. 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி ஈய பேட்டரி. மருந்து அடிக்கிற மோட்டாரை இழுக்க முடியாமல் போனதும் மாற்றிவிடுவார்கள், ஆனால் நான்கைந்து வாட் எல்இடிக்கு அது இன்னும் ஒரு வருடம் உழைக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியபோது எங்கள் பக்கம் கம்பம் எல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கடையில் மாற்றிப் போட்டு மூலையில் கிடந்த ஸ்ப்ரேயர் பேட்டரிகளையும் பைக் பேட்டரிகளையும் எடுத்து, 12 வோல்ட் எல்இடி ரிப்பனை மூன்று மூன்று எல்இடியாக வெட்டி ஒட்டி விளக்குச் செய்து கொடுத்தேன். பகலில் டிராக்டர் பேட்டரியில் இணைத்து ஏற்றிக்கொண்டார்கள். பிரசவித்த பெண் இருந்த வீட்டுக்குத்தான் முதல் விளக்கு போனது. ஈய பேட்டரியின் நல்ல குணம், தவறு செய்தாலும் லேப்டாப்பின் லித்தியம் செல் மாதிரி தீப்பிடிப்பது அரிது. கெட்ட குணம், இரண்டு கிலோவுக்கு மேல் கனம், 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிவிட்டுக் காலியாகப் போட்டு வைத்தால் சல்பேட் படிந்து செத்துவிடும். தோளில் மாட்டுகிற பையில் பேட்டரி, கையில் லைட் என்று செய்யலாம். உங்கள் பைக் டூமுக்கு இங்கே வேலை உண்டு, அதன் சொந்த ஹாலஜன் பல்போடு. ஆனால் 35 வாட் பல்பு 3 ஆம்பியர் இழுக்கும், பழைய பேட்டரியில் ஒரு மணி நேரம் நின்றாலே பெரிது. மோட்டார் கொட்டகை முகப்பில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்க்க நன்றாக இருக்கும். நடக்க ஆகாது.

மார்கழிப் பனியைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் லைட் பனியைத் துளைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் மஞ்சளையும் வெள்ளையையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். உண்மையில் உதவுவது பிடிக்கிற இடம். நெற்றியில் கட்டினால் முன்னால் வெள்ளைச் சுவர் தெரியும், இடுப்புக்குக் கீழே பிடித்தால் தரை தெரியும். ஆனாலும் நான் மஞ்சள் சாயல் கொண்ட எல்இடியைத்தான் சிபாரிசு செய்வேன், வேறு காரணத்துக்காக. சம்பா பருவத்தில் தீபாவளியை ஒட்டிப் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைச் சுற்றி மொய்க்குமே, நீலம் கலந்த வெள்ளைக்கு வருகிற அளவு மஞ்சளுக்கு வராது.

சார்ஜ் ஏற்றுகிற இடம் சிமெண்ட் தரையாக இருக்கட்டும். வைக்கோல், கட்டில், நெல் மூட்டை எதுவும் பக்கத்தில் வேண்டாம். வீட்டில் எல்லோரும் தூங்கும்போது ஏற்ற வேண்டாம், அப்பா மத்தியானம் வீட்டில் இருக்கும்போது ஏற்றினால் போதும். ஒதுக்கிய செல்களின் இரு முனையிலும் டேப் ஒட்டி மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள், வாய்க்காலில் எறிவதும் குப்பையோடு கொளுத்துவதும் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, இந்தப் பதிலைப் படித்துவிட்டு முயல் பிடிக்க லைட் செய்யலாமா என்று யாராவது கேட்டால் நான் உதவ மாட்டேன். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

நான் இங்கிருந்து சொல்ல முடியாததும் உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் லேப்டாப் பேட்டரியின் ஒரு மூலை லேசாக உப்பினது போலத் தெரிகிறது. அது கூட்டின் வளைவா, உள்ளே வீங்கியதா என்று படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. தட்டையான மேசையில் வைத்து அழுத்தாமல் பாருங்கள். ஆடினால் பிரிக்கவே வேண்டாம், நேராக மின்கழிவுக்கு. ஆடாமல் உட்கார்ந்தால் பகலில், முற்றத்தில், மணல் வாளியோடு பிரியுங்கள். ஆறு செல்லின் வோல்ட்டையும், இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்த வோல்ட்டையும் இங்கேயே எழுதுங்கள். எந்த இரண்டைப் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அப்பா அந்தப் பழைய கட்டை டார்ச்சிலேயே புதுக் கட்டை போட்டு நடக்கட்டும். அதைப் பிரிக்கும் வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.